தண்ணீர் குடித்த மாப்பிள்ளை

அத்தானின் வலது புறங்கையில் குத்தப்பட்ட ஊதா முத்திரை ஒரு வௌவாலின் உருவம். சவர்க்காரம் போட்டார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், போகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தக் கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு இடது கையால் திருநீறு வாங்கப் போய், ஐயரிடம் பேச்சு வாங்கினார். எனக்கும் அதே முத்திரை இருந்தது. நான் மறைக்கவில்லை. காசு கொடுத்து உள்ளே போனதற்குக் கிடைத்த அடையாளத்தை ஏன் மறைக்க வேண்டும்?

அத்தான் என் அக்காவின் கணவர். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள், நான் சொல்வேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன் வந்த ஐந்து சம்பந்தங்களை வேண்டாமென்று தள்ளிய பிள்ளை, ஆறாவதாக வந்த பையனை ஒரு கலியாண வீட்டில் கண்டு கதைத்துவிட்டுத் தன் வாயாலேயே ஓம் என்றாள். அக்கா கண் கலங்கினாள். பையன் பகலில் கணினி படித்தான், சனி இரவுகளில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் நடுவே ஒரு டெக்னோ கிளப்பில் விளக்குகளை இயக்கினான். அந்த இரண்டாவது செய்திதான் அத்தானின் நித்திரையைக் கெடுத்தது.

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை விசாரிக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். அயலில் கேட்போம், வேலைத்தலத்தில் கேட்போம், கூடப் படித்தவனைத் தேடிப் பிடித்துக் கேட்போம். மாப்பிள்ளையிடம் மட்டும் எதுவும் கேட்கமாட்டோம். தாய்மாமன் என்ற முறையில் நானும் ஒரு சனி இரவு அந்தக் கிளப்புக்குக் கூடப் போக வேண்டியதாயிற்று. இருவரும் கோட்டு, டை. வாசலில் தொளதொளத்த காற்சட்டைகளுடன் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு நடுவே எங்களைக் கண்ட காவலாளி, நகரசபையிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் என்றே நினைத்தான். கலியாண விஷயமாக வந்திருக்கிறோம் என்று அத்தான் ஆங்கிலத்தில் விளக்கினார். அவன் எங்களை வாழ்த்தினான். எங்கள் இருவருக்கும்தான் கலியாணம் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

உள்ளே பதினாறு ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றும் ஓர் அலுமாரி உயரம். என் கோட்டுப் பொத்தான்கள் தாமாக அதிர்ந்தன. வெளியேறும் கதவுகள் மூன்று. அவற்றில் ஒன்றை பியர்ப் பெட்டிகள் மறைத்திருந்தன, தீப்பிடித்தால் கேட்பாரில்லை. கொழும்பில் அரசாங்கப் புள்ளிவிபரக் கந்தோரில் இருந்தவன் நான், இவற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. இசையில் ஒரு சொல்கூட இல்லை. நேரம் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு தாள அடி. இரண்டாம் முறை எண்ணியும் மாறவில்லை. ஆடியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதற்குச் சரியாகவே ஆடினார்கள். ஒருவரும் அடுத்தவரை இடிக்கவில்லை. எங்கள் கலைவிழாக்களில் சாப்பாட்டு வரிசைகூட அவ்வளவு ஒழுங்காக நின்று நான் கண்டதில்லை.

அத்தான் விசாரணையைத் தொடங்கினார். வாசல் காவலாளி, மேலங்கி வாங்கி வைக்கும் பெண், மதுச்சாலைக்காரன், கிளாஸ் பொறுக்கும் கிழவர். நாலு பேர். பையன் நேரத்துக்கு வருவான், சண்டை சச்சரவு இல்லை, பெண்களிடம் மரியாதை. குடிப்பானா என்று காதுக்குள் கத்திக் கேட்டதற்கு மதுச்சாலைக்காரன் ஒரு பிளாஸ்டிக் போத்தலைத் தூக்கிக் காட்டினான். பச்சைத் தண்ணீர். இரவு முழுக்க அதுதான். இதைவிட ஒரு பெண்ணின் தகப்பனுக்கு என்ன வேண்டும்?

பையன் மேலே, கம்பித் தட்டு ஒன்றில், விளக்குப் பலகைக்குப் பின்னால் நின்றான். ஏணி பத்தடிக்குள் இருந்தது.

“அத்தான், மேல போய்ப் பொடியனோட ஒரு சொல்லுக் கதைச்சுப்போட்டுப் போவம்.”

அவர் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். “உமக்கென்ன விசரே? பொம்பிளை வீட்டுக்காரர் நாங்களா ஏறிப்போய்க் கதைக்கிறதோ? ஒரு மதிப்பிருக்கு.”

நீல வெளிச்சம் ஒன்று எங்கள் மேல் வந்து நின்றது. அத்தான் குடையில்லாமல் மழையில் அகப்பட்டவர்போலக் குனிந்து வெளியேறினார்.

மதிப்புள்ள மனிதர் திங்கட்கிழமை தன் தொழிற்சாலைக்குப் போய், கூட வேலை செய்கிற ஒருவரிடம் கதையை அவிழ்த்தார். அப்படிப்பட்ட இடங்களில் தண்ணீர் குடிக்கிறவர்கள்தான் போதைக் குளிசை போடுகிறவர்கள், அதுதான் அந்தத் தாகம் என்று அந்த அறிஞர் தீர்ப்புச் சொன்னார். அத்தான் அன்று மாலையே வீட்டில் அறிவித்தார், “உது சரிவராது.” பியர் குடித்திருந்தால் குடிகாரன். தண்ணீர் குடித்ததால் அதைவிட மோசம். அவன் எதைக் குடித்திருந்தால் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகலாம் என்று கேட்டேன். நாலு பேர் சொன்ன சாட்சியை, அங்கே காலடி வைக்காத ஒருவருடைய ஊகத்துக்கு விற்றுவிட்டீர்களே என்றேன். அக்கா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் சத்தமாக வைத்தாள்.

 பிறகு அக்காவின் மகள், என் மருமகள், என்னைத்தான் கேட்டாள்.

“மாமா, நாலு பேரைக் கேட்டனீங்கள். அவரைக் கேக்கேல்லையோ?”

“கேப்பம் எண்டனான். கொப்பர்தான் விடேல்லை” என்று அத்தானைக் காட்டினேன்.

அவள் குசினிச் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுடைய இலக்கத்தைச் சுழற்றினாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அவன் சொன்னதற்கு நீண்ட நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை ஓம் என்றாள், ஒருமுறை விளங்குது என்றாள். வைத்த பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மேல விளக்குச் சூடாம், அதுதான் தண்ணியாம். உங்கள் ரெண்டு பேரையும் கண்டவராம். மேல வருவியள் எண்டு ரெண்டு கதிரை எடுத்துப் போட்டு வைச்சவராம். கிளப் பூட்டும் வரைக்கும் பாத்தவராம். களவெடுத்தவனை விசாரிக்கிற மாதிரி எல்லாரிட்டையும் விசாரிச்ச வீட்டுக்குத் தான் மாப்பிள்ளையா வரமாட்டாராம்.”

சற்று முன்புதான் அந்தப் பையனை வேண்டாமென்று தள்ளிய அத்தான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அவன் ஆர் எங்களை வேண்டாமெண்டு சொல்ல? வாரும் காணும், இண்டைக்கே போய் அவனை நேர கேக்கிறன்.”

“இப்ப ஏறிப் போவியளோ, அப்பா?” என்றாள் அவள்.

அத்தான் தள்ளிய கதிரையைத் திரும்ப இழுத்து அதில் அமர்ந்தார்.