மூன்றாம் ஓலைக்கு முன்

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கல்யாணம் முடிவானால் அதை மூன்று ஞாயிறு பூசையில் மைக்கில் அறிவிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று. இதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். இப்போது ஓலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, சாமியார் பிரிண்ட் அவுட்டைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். பெண்ணின் ஊரிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும். எனக்குக் கடலூர் முதுநகர், அவருக்குச் சிதம்பரம். இரண்டு கோயிலிலும் மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி.

முதல் ஓலை வாசித்த அன்று இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வயது முப்பத்தெட்டு. நாலாம் வகுப்பு டீச்சர். பேருக்கு முன்னால் 'கைம்பெண்' என்று சேர்த்து வாசித்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். வேறு நாளாக இருந்தால் பூசை முடிந்ததும் நேராகச் சாமியாரிடம் போய் அந்த வார்த்தை எதற்கு என்று கேட்டிருப்பேன். என்னிடம் படிக்கிற வாண்டுகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. முறைத்தேன். முறைக்க முடியாமல் நானே சிரித்துவிட்டேன்.

மாப்பிள்ளை சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மனைவியும் இறந்து சில வருஷம் ஆகிறது. பெண் பார்க்க வந்த அன்று உள்ளே ஓடிய மிக்ஸியின் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். "இன்னா தம்பி, ரிப்பேரா அது?" என்று அம்மா ஆவலாகக் கேட்டாள். "பிரிச்சுப் பாக்காம சொல்லக் கூடாதும்மா" என்றார். அந்தப் பதிலில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் சொந்தத்தில் ஆண்கள் எதைக் கேட்டாலும், தெரிகிறதோ இல்லையோ, உடனே ஒரு பதிலை எடுத்து வைத்துவிடுவார்கள். தெரியாது என்று இவ்வளவு நிதானமாகச் சொன்ன ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று சாமியார் வாசித்ததும்தான் என் சிரிப்பு நின்றது. அம்மாவும் நானும் மட்டும் அறிந்த ஒரு விஷயம் இருந்தது. எனக்கு ஹெர்பிஸ் இருக்கிறது. பிறப்புறுப்பில் வருகிற ஹெர்பிஸ். சபையில் தடை என்று சொல்வது இதையெல்லாம் இல்லை, தெரியும். ஆனால் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு இது தெரியாது.

அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் கணவர் விபத்தில் இறந்து ஒரு வருஷம் இருக்கும். காய்ச்சல், இடுப்புக்குக் கீழே கொத்தாகக் கொப்புளங்கள், ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். அம்மாவிடம் அழுதுகொண்டே காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அக்கிடி இது."

எங்கள் பக்கம் அக்கி வந்தால் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேலே சிங்கம் எழுதிவிடுவார். இந்துவும் போவான், வேதக்காரனும் போவான், அதில் பேதமில்லை. என் விஷயத்தில் சிக்கல் வேறு. "நெஞ்சுல, முதுவுல வந்திருந்தா கூட்டிகினு போயிருப்பேன். அங்க போயி சிங்கம் எழுதச் சொல்லி யாரைக் கேக்குறது?" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று பொய் சொல்லிக் காவியை ஒரு பொட்டலம் வாங்கி வந்து, என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "நீயே எழுதிக்க. டீச்சர்தானே, படம் வரைவல்ல?"

வரைந்தேன். கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, விரலில் காவியைத் தொட்டு. சிங்கம் வரவில்லை, பூனைக்கும் எலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. அடுத்த நிமிஷம் பற்றி எரிய ஆரம்பித்தது. காவி மண்ணையும் அம்மாவையும் அம்மாவின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே குளியலறைக்கு ஓடினேன். மறுநாள் காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். முதுநகரில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் கவுண்டரில் யாராவது ஒரு மாணவியின் அப்பா நிற்பார். சிதம்பரத்தில் என்னை யாருக்குத் தெரியும்?

அங்கே தோல் டாக்டரம்மா ஒருவர். பார்த்தார், காவியின் மிச்சத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். "இது அக்கி இல்லம்மா. அக்கி குடுக்குற வைரஸோட சொந்தக்காரன். பேரு ஹெர்பிஸ். உடம்புறவுல வர்றது" என்றார். பஞ்சில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மற்ற பால்வினை நோய்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார், அவை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஹாலில் மாட்டியிருந்த கணவர் போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்ததுதான். "செத்த மனுஷன் மேல பழி போடாத" என்று அம்மா திருப்பி மாட்டுவாள், நான் மறுபடி திருப்புவேன். அடுத்த முறை டாக்டரம்மாவிடமே கேட்டேன், யார் கொடுத்தது என்று. "சொல்ல முடியாதும்மா. இது வருசக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது. வாய் ஓரத்துல கொப்புளம் வருது பாருங்க, அதுலேர்ந்துகூட வரலாம்" என்றார். போட்டோ நேராகத் திரும்பியது. கோபம் அடங்க இன்னும் நாளானது.

அதற்குப் பிறகுதான் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். போனில் தேடித் தேடிப் படித்தேன். டாக்டரம்மாவைக் கேள்வி கேட்டே துளைத்தேன். இந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போகாது, முதுகுத்தண்டின் அடியில் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வப்போது எழுந்து வரும், ஆனால் முதல் தடவை போல ஆட்டம் போடாது. உயிருக்கு ஆபத்தில்லை. கக்கூஸ், துண்டு, சோப்பு வழியாகப் பரவாது. படிக்கப் படிக்கப் பயம் போய் எனக்கு ஒரே பரபரப்பு. எதிரியின் வீட்டு விலாசம் கையில் கிடைத்தது போல இருந்தது. வருவதற்கு முன்னால் இடது தொடையில் சுருக் சுருக்கென்று குத்தும் என்பதைக் கண்டுபிடித்தேன். குத்திய உடனே மாத்திரை போட்டால் பாதியிலேயே அடங்கிவிடும் என்று கண்ட அன்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பிறந்தநாளா டீச்சர் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

கல்யாணப் பேச்சு வந்ததும் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றார். தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் வருவதும் குறையும், அவருக்குப் பரவுவதும் குறையும். ஆணுறையும் ஆபத்தைக் குறைக்கும். குத்தல் தொடங்கினால் கொப்புளம் ஆறும்வரை விலகி இருக்க வேண்டும். கர்ப்பமானால் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இத்தனையும் செய்தாலும் ஆபத்து சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. "அதனால அவருகிட்ட சொல்லிடுங்கம்மா" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. அவர் உடம்பு விஷயத்தில் அவருக்குத் தெரியாமல் நான் எப்படி முடிவெடுக்க முடியும்?

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வாய மூடிகினு இருடி. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். தானா வந்த மாப்புளைய நீயே தொரத்தப் போறியா?"

இரண்டாவது ஓலை முடிந்த வாரம் அவர் வயிண்டிங் கம்பி வாங்கக் கடலூர் வந்தார். சில்வர் பீச்சுக்குப் போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். ஆளுக்கொரு தட்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். சொல்லிவிட்டேன், பாடம் நடத்துவது போலவே. என்ன நோய், எப்படி வரும், எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம். கடைசியில் பழக்க தோஷத்தில் "புரிஞ்சுதா?" என்று வேறு கேட்டேன். கேட்டதும் மணலுக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. அவருடைய பஜ்ஜி ஆறிக் கிடந்தது.

தட்டை மணலில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. தெரியாம வாய்க்கு வந்தத சொல்ல மாட்டேன். கொஞ்சம் டைம் குடுங்க" என்றார்.

"எடுத்துக்குங்க. வேணாம்னு தோணுச்சுன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்க சாமியார்கிட்ட சொல்லி ஓலைய நிறுத்திடுங்க. நா கோச்சுக்க மாட்டேன்" என்றேன். சுத்தப் பொய். கோபித்துக்கொள்வதில் என்னை மிஞ்ச முதுநகரில் ஆள் கிடையாது.

அதன் பிறகு போன் இல்லை, மெசேஜ் இல்லை. வாட்ஸப்பில் அவர் ஆன்லைன் என்று காட்டும்போதெல்லாம் போனை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள் திருத்தின. நாமாக ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்டால் அவசரப்படுத்தியதாகிவிடும் என்று போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவேன், திறப்பேன், மறுபடி பூட்டுவேன். எனக்கு அந்த மனுஷர் வேண்டும். அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டு திரிவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அவர் தன் ஊரில் நிறுத்தச் சொல்லியிருந்தாலும், சேதி வந்து சேராமல் எங்கள் கோயிலில் மூன்றாம் ஓலையை எப்படியும் வாசித்துவிடுவார்கள். அதைக் கேட்டு எனக்கென்ன ஆகப் போகிறது? சிதம்பரத்தில் வாசிக்கிறார்களா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டினேன். விஷயம் புரிந்ததும் அம்மா வாசலை மறித்தாள். "மாப்புள ஊருக்குப் போயி அவுங்க கோயில்ல நிக்கப் போறியா? பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நெனச்சுட்டுப் போறாங்க" என்று அவளை ஒதுக்கிவிட்டு ஓடினேன்.

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று நின்று ஆள் ஏற்றியது. இறங்கிப் போய்த் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு. வெள்ளாற்றுப் பாலம் வந்ததுமே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கோயிலுக்குள் நுழையும்போது பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கம் கண்ணால் துழாவினேன், அவரைக் காணவில்லை. எல்லாரும் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கி முடிந்து அறிவிப்புகள் தொடங்கின. மறைக்கல்வி வகுப்பு, கோயிலில் கிடைத்த சாவிக்கொத்து, நவநாள் ஜெபம். ஓலை. முதலில் வேறு யாரோ ஒரு ஜோடி. சாமியார் தாளைத் திருப்பினார், தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்க எவ்வளவு நேரம்!

மாப்பிள்ளை பேரை வாசித்தார். அடுத்து என் பேரை. "மூன்றாம் ஓலை" என்றார்.

உட்கார்ந்திருந்தவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்துப் பெண்மணி புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மறு நிமிஷமே சந்தேகம் பிடித்தது. ஒருவேளை இவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்து, சாமியாரிடம் சொல்லாமல் விட்டிருந்தால்?

பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. "நீங்க எப்ப வந்தீங்க? இங்கேர்ந்து நேரா முதுநகருக்குத்தான் கெளம்பிட்டிருந்தேன்."

"ஒரு போன் பண்றதுக்கு இன்னா கேடு?" என்று கத்திவிட்டேன். ஜெபமாலை விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தார்.

"போன்ல சொல்ற விஷயமாங்க இது? இங்க தோல் டாக்டரம்மாவ பாத்தேன். நேத்து சாயந்திரந்தான் டோக்கன் கெடச்சுது. உங்க பேர சொல்லல. அவுங்க சொன்னது அத்தனையும் நீங்க பீச்சுல சொன்னதுதான்" என்றார். "பயம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா இவ்வளவையும் உக்கார வச்சு சொல்ற ஆள விட்டுட்டு நா யாரத் தேடறது?"

எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் ஒரு கையால் ஸ்கூட்டர் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றார். "ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட கேக்கல. உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

நான் தயாரானேன். யார் கொடுத்தது என்று கேட்பார், அதற்குப் பதில் இருக்கிறது. குழந்தையைப் பற்றிக் கேட்பார், அதற்கும் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தால் என்று கேட்டாலும் ஒன்று வைத்திருக்கிறேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அது வரும்போது உங்களுக்கு ரொம்ப வலிக்குமா?"

அம்மா ஊருக்குத் தெரியக் கூடாது என்றாள். நான் யார் கொடுத்தது என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன். இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கோயில் வாசலில் அவ்வளவு ஜனம் நிற்கும்போது எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப வலிக்கும்."