ஒற்றை நரம்புப் பெட்டி

என் அலமாரிக்கு மேல் நீளமான ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு நரம்பு, நரம்புக்கு அடியில் வரிசையாக எண்கள், பக்கத்தில் ஒரு வில். வீட்டுக்கு வருகிறவர்கள் வீணையா, பிடிலா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்பேன். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. சின்னம்மாவின் பெட்டி, அவ்வளவுதான்.

உண்மையில் அது பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில் இருந்த சிஸ்டரம்மாவுடையது. சுவீடன்காரர். ஆர்கன் வாங்க வசதியில்லாத கோயில்களில் அவர் ஊரார் இதை இழுத்துத்தான் ஞானப்பாட்டுப் பாடுவார்களாம். எண்ணைப் பார்த்து நரம்பில் விரல் வைத்தால் ராகம் வந்துவிடும். அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. சின்னம்மா அவருக்குச் சமையல். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், கூட இருந்த நானும் கொழுந்தெடுக்கப் போய்விட்டால் லயத்து வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவர். சிஸ்டரம்மாவும் அப்படித்தான். கூட வந்த இன்னொரு சிஸ்டர் காய்ச்சலில் இறந்து, கோயிலுக்குப் பின்னாலேயே அடக்கமானார். அதன் பிறகு ஞாயிறு மட்டுமல்ல, தினமும் பனி இறங்குகிற அந்தி நேரத்தில் சிஸ்டரம்மா தனியே உட்கார்ந்து வாசிப்பார். ஏன் என்று சின்னம்மா கேட்டதற்கு, "வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது" என்று புத்தகத் தமிழில் சொன்னாராம்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குத் தொழிற்சாலை மெஷினிலிருந்து தேயிலைச் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தி வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்தோம். சிஸ்டரம்மா ஹட்டனுக்குப் போயிருந்தார். அவர் சாமான் மட்டும் சும்மா கிடக்கலாமா என்று சின்னம்மாவுக்குத் தோன்றிவிட்டது. பெட்டியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார். வில்லில் கட்டியிருந்த குதிரைவால் முடி வறண்டு, வெள்ளைப் பொடி படிந்து கிடந்தது. சத்தம் வரத் தேய்த்த குங்கிலியப் பொடி அது என்று அவருக்குத் தெரியாது. முடி என்றால் எண்ணெய் வைக்க வேண்டாமா? தேங்காயெண்ணெய் தொட்டு நுனிவரை நீவிவிட்டார் மகராசி.

திரும்பி வந்த சிஸ்டரம்மா பொட்டைப் பார்த்துச் சிரித்தார். வில்லை இழுத்தார். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சோப்புப் போட்டு அலசிப் பார்த்தார். பழைய முடி, கொத்துக் கொத்தாகக் கழன்றுவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சின்னம்மாவுக்கு ஆறியிருக்கும். அந்தியானால் சிஸ்டரம்மா பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வீட்டுல இருந்த ஒரே ஆளையும் நான் வெரட்டிட்டேன்டி" என்று சின்னம்மா என்னிடம் சொல்லி அழுதார்.

அடுத்த ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி, அதுவரை பார்த்தேயிராத நுவரெலியாவுக்குப் போய்விட்டார். பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கிற ஒருவரிடம் வால்முடி கேட்டாராம். செய்வினைக்கா என்று அவர் மிரண்டிருக்கிறார். வேதக்கோயிலுக்கு என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் கொடுத்தார். சீலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அந்த முடியைச் சிஸ்டரம்மா ஒவ்வொன்றாகச் சீவி வில்லில் கட்டினார். அன்று அந்தியில் சத்தம் கேட்டபோது சின்னம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

மறுவருஷம் சிஸ்டரம்மாவுக்கு விசா நீட்டிக் கொடுக்கவில்லை. புறப்படும் அன்று பெட்டியைச் சின்னம்மா கையில் வைத்தார். "எனக்கு அங்கே அக்காமார் இருக்கிறார்கள். உனக்குத்தான் ஆள் வேண்டும்" என்றார்.

சின்னம்மாவுக்கு எண் தெரியாது, ராகமும் தெரியாது. விரல் வைக்காமல் வில்லை மட்டும் இழுப்பார். நான் கல்யாணமாகிப் போன பிறகும் தினமும் அந்தியில் அதே ஒரு சத்தம்தான் வருமாம். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்களாம். பார்க்கப் போனபோது, என்னத்துக்கு இது என்று நானும் கேட்டேன். "ஆளு இருக்க மாதிரி இருக்குடி" என்றார்.

சின்னம்மா போன பிறகு பெட்டி என்னிடம் வந்தது. இப்போது என் பிள்ளைகள் கொழும்பில். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். நேற்று அந்தியில் பெட்டியை இறக்கினேன். வில்லில் பத்துப் பன்னிரண்டு முடிதான் மிச்சம். பெட்டிக்குள் கிடந்த குங்கிலியக் கட்டியை வில்லில் தேய்த்து இழுத்தேன். முதலில் கரகரத்தது, பிறகு அதே சத்தம் வந்தது. கை ஓயும்வரை இழுத்தேன்.

"ஆளு இருக்க மாதிரிதான் இருக்கு, சின்னம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். "ஆளுதான் இல்ல."