குடையை மறந்துபோகும் மிஸ்ஸி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாது பிரியந்தியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்து, தாய் பால் கொடுப்பதைப் பார்த்து, சரியில்லை என்றால் சொல்லிக்கொடுப்பது அவளுடைய உத்தியோகம். படித்தவள், கெட்டிக்காரி. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் குடையை மறந்துவிட்டு வருவாள். லிந்துலை மழையில் குடையை மறக்கிற ஒருத்தியை நம்பிப் பச்சைப்பிள்ளையைக் கொடுக்கலாமா என்று நானே நாலு பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்ட வாயை இப்போது எங்கே வைத்துக்கொள்வது?

நான் பேச்சியம்மா. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் அம்மாக்கண்ணுவின் குடும்பம். நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் நான் 'நூறு' சொல்வேன்.

போன மாசி மாதம் அம்மாக்கண்ணுவின் மருமகள் தனுஜாவுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அழுகை தொடங்கிவிட்டது. பிள்ளை இரண்டு வாய் உறிஞ்சும், பிறகு வீரிட்டுக் கத்தும். தனுஜாவுக்கு மார்க்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. துவாயைக் கடித்துக்கொண்டுதான் பால் கொடுத்தாள். "நானே குடுக்கணும் அத்தை, போத்தல் வேணாம்" என்று அவள் கெஞ்சியது எனக்குத் தகரத்தின் வழியாகக் கேட்டது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் லயத்தில் இருபது காம்பரா, ஆகவே இருபது டாக்டர். ஒருத்தி பூண்டு என்றாள், ஒருத்தி பால்சுறாக் கருவாடு என்றாள், நான் முருங்கைக்கீரை என்றேன். கொழும்பில் சாமான் கடையில் நிற்கும் தனுஜாவின் புருஷன் சுதாகரன்கூட, பால் கொடுப்பது எப்படி என்று போனில் வகுப்பு நடத்தினான். எல்லோரும் பேசி முடித்தபோது பிள்ளை இன்னும் இளைத்திருந்தது. நாலாம் நாள் அம்மாக்கண்ணு பால்மா பெட்டியைப் பிரித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள், மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "மிஸ்ஸி பாலத்துக்கிட்ட வர்றாங்க!"

புத்தகமும் பேனாவுமாக யார் வந்தாலும் குறை தெரியக்கூடாது என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. தோட்டத்துப் பெரிய தொரை லயம் பார்க்க வருகிறார் என்றால் ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டு வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கூட்டம் நாங்கள். அன்றும் அப்படித்தான். போத்தல் அரிசி வாளிக்குள் போனது. பிள்ளைக்கு வயிறு முட்டப் பால்மா கொடுத்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்துத் தூங்க வைத்தார்கள். தனுஜாவுக்குப் புது நைட்டி. என் வீட்டு நாற்காலியும் சோடாவும் நான் கொடுத்தவைதான், மறைக்கவில்லை.

"பால் நல்லா குடிக்குதா?" என்று மிஸ்ஸி கேட்டாள்.

"ஒரு கொறையும் இல்லைங்க மிஸ்ஸி" என்றாள் அம்மாக்கண்ணு. தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ்ஸி சோடாவைக் குடித்தாள், அட்டையில் எழுதினாள், போய்விட்டாள். குடை வாசல் இஸ்தோப்பிலேயே கிடந்தது. நான் சிரித்தேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அதற்குள் நைட்டி கொடியில், போத்தல் வெளியில். பிள்ளை கத்தியது, தாய் அதைவிட மோசமாக அழுதாள். மிஸ்ஸி குடையைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவும் இப்படித்தான் சோடா குடுத்து அனுப்புவாங்க. நானும் லயத்துல பொறந்தவதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தின் ஐந்து டிவிசனிலும் அவள் மறந்த குடைகளில் ஒன்றுகூட மறதியால் மறந்தது இல்லை.

பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினாள். "காம்ப மட்டும் குடுக்காத தங்கச்சி. வாய நல்லாத் தொறக்கட்டும், கருப்பு வட்டமும் உள்ள போகணும்." மூன்று தடவை தவறியது. நாலாம் தடவை பிள்ளை பிடித்துக்கொண்டது. தனுஜா கடித்திருந்த துவாய் தானாகக் கீழே விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"சோடாகூட இல்லாத நேரத்துல வந்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டாள் அம்மாக்கண்ணு.

அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று தடவை நடந்து வந்தாள். பால்மா பெட்டி மூலைக்குப் போனது. பிள்ளையின் கன்னத்தில் சதை வைத்தது.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். பங்குனியில் ஒரு நாள் மிஸ்ஸி ஓடி வந்தாள், முகமெல்லாம் வேர்வை. "நாளைக்கு மேலிடத்துலருந்து பெரிய சார் வர்றாரு. வீட்டக் கூட்டி வைங்க. புள்ளையக் குளிப்பாட்டித் தூங்க வைங்க. கொறை ஏதும் சொல்லிராதீங்க." சொன்னதைத் தன் காதாலேயே கேட்டவள்போல ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் சார் வாகனத்தில் வந்தார். நாற்காலி, சோடா எல்லாம் தயார். சார் சிங்களத்தில் கேட்க, மிஸ்ஸி தமிழில் சொன்னாள். "ஏதாவது கொறை இருக்கான்னு கேக்குறாரு."

பிள்ளை தூங்கவில்லை, பால் குடித்துக்கொண்டிருந்தது. தனுஜா சாரின் கையைப் பார்த்தாள். குடை இல்லை. இந்த மனிதர் போனால் திரும்பி வரமாட்டார். வாசலில் அடுத்த மாதம் பிரசவத்துக்கு இருக்கும் ஷாமிலா நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்குங்க சார்" என்றாள் தனுஜா. "அஞ்சு டிவிசனுக்கு ஒரே மிஸ்ஸி. நடந்துதான் வர்றாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள என் புள்ள அஞ்சு நாள் அரைப்பட்டினி கெடந்துச்சு."

"என்ன சொல்கிறாள்?" என்று சார் சிங்களத்தில் மிஸ்ஸியைக் கேட்டார்.

மிஸ்ஸியின் கண் ஒரு தடவை என் சோடாவின்மேல் போய் வந்தது. மழுப்பியிருந்தால் எங்கள் அரைகுறைச் சிங்களத்தில் யார் தட்டிக்கேட்டிருப்போம்? ஆனால் ஒரு சொல்லைக்கூட விடாமல் அப்படியே சொன்னாள். 

சார் சோடாவைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். எங்கள் லயத்தில் சோடாவைக் குடிக்காமல் எழுதிய முதல் ஆள் அவர்தான்.