அவர் சொன்ன முடிவு

பாகூர் நூலகத்துக்கு வரும் அந்த ஒல்லியான பஸ் கண்டக்டருக்கு நான் பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதுபவன் என்று தெரியும். எந்த நாவலை எடுத்தாலும் என்னிடம் கேட்பார்: "இதுல யாராவது செத்துப்போறாங்களா சார்?"

படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவிக்கு அவர்தான் படித்துக் காட்டுவார்.

ஒருமுறை, நான் பாதி மட்டுமே படித்து விமர்சனம் எழுதிய நாவலை எடுத்தார். "யாரும் சாகல, தைரியமா படிங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் வந்தவரிடம் கோபமே இல்லை.

"கடைசியில அந்தப் பொண்ணு செத்துடுது சார்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"புக்கைப் பாத்துக்கினே, பொழச்சிக்கிச்சின்னு நானா ஒரு முடிவு சொன்னேன். நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா."

அந்த அம்மா அதை நம்பினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.