ஜேம் மரத்துச் சிரட்டைகள்

குருவிக்குத் தீனி வைக்கிறவள் என்றால் சாதுவான பெண்பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சாது இல்லை. தெரணியகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள். நிறுக்கிற இடத்தில் ஒரு கிலோவைக் குறைத்துச் சொன்னால், கூடையை இறக்காமலேயே சண்டைக்கு நிற்பேன்.

வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு, லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பரா வெறிச்சோடிவிட்டது. மகளைக் கொடகவெலவில் கட்டிக்கொடுத்தாயிற்று. விடிந்தால் பேச ஆளில்லை; எனக்கோ பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். சுவரோடு பேசுவதைவிடக் குருவியோடு பேசுவது கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. கூண்டுக்கிளி வாங்கும் எண்ணமில்லை. அடைத்து வைக்க நான் என்ன தொரையா?

வாசலில் ஒரு ஜேம் மரக் கன்றை நட்டேன். அதன் சின்னச் சிவப்புப் பழம் என்றால் குருவிகளுக்கு உயிர். மூன்றே வருஷத்தில் மரம் லயத்துக் கூரையைத் தாண்டிவிட்டது. அதன் கிளைகளில் சிரட்டைகளைத் தொங்கவிட்டேன். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சிரட்டையில் மூன்று ஓட்டை போட்டு, உரச்சாக்கிலிருந்து உருவிய நூலைத் திரித்துக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் சோடா போத்தலைத் துளைத்து, உடைந்த அகப்பைக் காம்பைக் குறுக்கே செருகினால் குருவி உட்கார இடமாகிவிடும். காம்புக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே போட்ட குறுணல் அரிசியைக் கொத்திக்கொள்ளும். மாஜரின் டப்பா மூடியில் கனிந்த வாழைப்பழம். விளிம்பு உடைந்த சட்டியில் தண்ணீர். எல்லாம் குப்பைக்குப் போகவேண்டிய சாமான்கள்தான்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நாங்கள் தின்பதையே வைத்தேன்: கோதுமை மா ரொட்டியும் மிஞ்சிய சம்பலும். ஒரு வாரம் காகங்களைத் தவிர வேறெதுவும் எட்டிப் பார்க்கவில்லை. செத்தவர்களை நினைத்து அமாவாசையில் காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம். பக்கத்துக் காம்பரா அக்கா அதை வைத்தே என்னைக் கிண்டல் செய்தாள்.

"என்னாடி, ஒனக்கு மட்டும் தெனமும் அமாவாசையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். அன்றோடு ரொட்டியை நிறுத்திவிட்டு, குரக்கன் தானியமும் குறுணலும் பப்பாசிப் பழத்துண்டும் வைத்தேன். கொண்டைக்குருவி வந்தது. மைனா வந்தது. தலை சிவந்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கிளி தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்றது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து இறங்கி ஒரே கூச்சல் போட்டன. கொழுந்து மலையில் நாங்கள் போடுகிற கூச்சல் அதைவிடக் குறைவில்லை. காம்பராவில் மறுபடியும் ஆள் நடமாட்டம் இருப்பது போல இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வினை பங்களாவிலிருந்து வந்தது. பழைய தொரை பங்களாவை இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பறவை பார்க்கவென்றே கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். பங்களாப் புல்லுக்கு மருந்தடித்து மருந்தடித்து, அங்கே கொத்தித் தின்ன ஒரு புழுகூட மிச்சமில்லை. ஒரு நாள் காலையில் ஒரு சிங்களத் தம்பதி, அந்தக் குட்டிக் கிளியின் பின்னாலேயே குறுக்குப் பாதையில் இறங்கி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார்கள். நான் சிங்களத்தில் உட்காரச் சொல்லி பிளேன்டீ கொடுத்தேன். தவிட்டுக்குருவிகளைப் பார்த்ததும் அந்த அம்மா "தெமலிச்சா" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சிங்களத்தில் தெமல என்றால் தமிழர்; ஓயாமல் கத்துகிற அந்தக் குருவிக்கு எங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, அதுகளும் எங்களைப் போலக் கூட்டமாகத்தான் திரியும் என்றேன். அவர் சிரித்தார். நிறையப் படம் எடுத்தார்கள். படங்களில் குருவிக்குப் பின்னால் உடைந்த சாக்கடைக் கானும் ஒழுகுகிற தகரமும் விழுந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா வந்தார். பங்களா விருந்தாளிகள் லயத்துப் பக்கம் வருவது தொரைக்குப் பிடிக்கவில்லையாம். போத்தல், சிரட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சனிக்கிழமை மரத்தை வெட்ட ஆள் வரும். லயத்து வாசல் தோட்டத்துக்குச் சொந்தம் என்றார். கானைச் சரி செய்வது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு கல்லையும் குங்குமச் சிமிழையும் கொண்டுவந்தாள்.

"மரத்தடியில இத நட்டு மஞ்சத்துணியக் கட்டிரு. முனியாண்டின்னு சொல்லு. எந்தத் தொரையும் கை வைக்கமாட்டான்."

அவள் சொன்னது உண்மை. எங்கள் ரப்பர் மலையில் சாமி குடியிருக்கும் ஒரு மரத்துக்காக லொறிப் பாதையையே வளைத்துப் போட்டிருக்கிறார்கள். கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். மரம் போனால் குருவிகள் போய்விடும், மறுபடி அந்த வெறுங்காம்பராதான். ஆனால் யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. சாமிக்கென்று கேட்டால் இங்கே ரோட்டே வளையும். எனக்கென்று கேட்டால் ஒரு ஜேம் மரம்கூட நிற்கக்கூடாதா? முனியாண்டி மேல் எனக்குப் பக்தி உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் மனமில்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். பிழைக்கத் தெரியாதவள் என்று திட்டிவிட்டு அக்கா போனாள்.

சனிக்கிழமை கண்டக்டர் ஐயா இரண்டு ஆட்களோடு வந்தார். இரண்டு பேரும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள்தான். லயமே வாசலில் கூடிவிட்டது. தொங்கிய சிரட்டைகளையும் அவற்றிலிருந்த அரிசியையும் பார்த்ததும் மூத்தவன் வெட்டுக்கத்தியைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சாமி மரமாங்க அக்கா?"

நான் ஆமாம் சொல்லமாட்டேனா என்று அவன் எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. ஒரு தலையாட்டல் போதும். பக்கத்துக் காம்பரா அக்கா எனக்குக் கண்ஜாடை காட்டினாள்.

"சாமி மரம் இல்லப்பா. நான் எனக்குன்னு வச்ச மரம்," என்றேன்.

கண்டக்டர் ஐயாவுக்கு முகம் சிவந்தது. "யார்கிட்டக் கேட்டு வச்ச?"

அவரை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"இந்த மலையில உள்ள அத்தன தேயிலையையும் எங்காளுங்கதாங்க நட்டாங்க. அது ஒங்களுக்கு. இந்த ஒண்ண எனக்குன்னு நட்டேன். வெட்டணும்னா வெட்டுங்க. நான் கழட்ட மாட்டேன்."

மூத்தவன் கத்தியைக் கீழே வைத்தான். இந்த வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் ஐயா என்றான். இளையவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கண்டக்டர் ஐயா தானே கத்தியை எடுத்து ஓங்கினார். பேனா பிடித்த கை அது. பட்டையில் கீறல் விழுந்ததே தவிர மரம் அசையவில்லை. நாலு வெட்டில் மூச்சு வாங்கியது. லயத்துப் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கத்தியைத் தூக்கி எறிந்தார்.

"ஒன் மரத்த நீயே கட்டிக்கிட்டு அழு," என்று கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

திட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் போனார். எத்தனை பேர் அங்கே நின்றார்கள்! என் மரம் என்று அவர் வாயாலேயே சொன்னதை எல்லோரும் கேட்டார்கள்.