சந்திரமதிக்குப் பதினாறாம் நாள்

வட அந்தமானின் திக்லிபூரில் பாக்கு உரிக்கப் போகும் பெண்களில் சந்திரமதியின் கைதான் வேகம். அவள் கணவர் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் கயிறு இழுக்கும் கலாசியாக இருந்தார். ஆறு வருடங்களுக்கு முன்பு காய்ச்சலில் படுத்து இறந்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சோதித்துப் பார்த்ததில் அவளுக்கும் இருந்தது. அப்போது வயது முப்பத்தெட்டு, பிள்ளை இல்லை.

தம்பி ஸ்ரீதர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பி மகள் காவேரிக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அவள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி மாத்திரை வாங்கி வருவாள். வயிற்று வலிக்கு வைத்தியம் என்று வீட்டில் நம்பினார்கள்.

மருந்துக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பழக்கமானவள் நஜ்மா; அக்காவை அழைப்பதுபோல் சந்திரமதியைத் தீதி என்பாள். போர்ட் பிளேர் கடைத்தெருவில் துணிக்கடைக்காரரின் மனைவி. கணவன் மனைவி இருவருக்குமே நோய், மாமியாருக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரிக்குள் இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் முன்பின் தெரியாதவர்கள். நஜ்மா சொன்ன ஏற்பாடு அது, சந்திரமதியும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

போன வருடம் காவேரிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரத்தில், ஸ்ரீதரின் மனைவி உமா மகேஸ்வரியின் கண்ணில் மாத்திரை டப்பா பட்டது. போனில் படம் எடுத்து, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் உறவுக்காரருக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் டப்பாவை அடுப்பில் போட்டாள்.

"இத்தனை வருஷம் எங்க தட்டுல சாப்பிட்டிருக்கீங்களே அண்ணி" என்றாள்.

"ஒண்ணா சாப்பிட்டா ஒட்டாதும்மா. டாக்டர்கிட்ட வேணா கேளு."

உமா மகேஸ்வரி யாரிடமும் கேட்கவில்லை. விறகுக் கொட்டகையில் சந்திரமதிக்குப் பாய் போட்டாள். வேலைக்குப் போவதும் நின்றது. மருந்துக்குப் போக வேண்டும் என்று தம்பியிடம் சொன்னபோது அவன் தரையைப் பார்த்தான்.

"யாராவது பார்த்து விசாரிச்சா கல்யாண பாத் கெட்டுப்போயிரும்க்கா. பொண்ணு காரியம் முடியட்டும்."

அவளே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. காவேரியின் கல்யாணம் தன்னால் நின்றுபோகுமோ என்ற பயம்.

ஐந்து மாதத்தில் எலும்பும் தோலுமானாள். இருமினால் கொட்டகையே அதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த வாரத்தில், விடிகாலைப் பஸ்ஸில் ஸ்ரீதர் அவளைத் தனியாக ஏற்றிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் காசநோயும் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஏழு வாரம் கிடந்தாள். அவள் கூப்பிட்டால் முதல் வாரம் தம்பியின் போன் எடுப்பாரின்றி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மணியும் அடிக்கவில்லை. மருந்து வாங்க வந்தபோது அவளைக் கண்டுவிட்ட நஜ்மா மட்டும் இரண்டு முறை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கஞ்சியோடு வந்தாள். யார் என்று நர்ஸ் கேட்டபோது, "தெரிஞ்சவங்க" என்றாள்.

தேறித் திரும்பி வந்தவளை ஊரில் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு வேலாயி. இரண்டடி பின்னால் போனாள்.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே."

"யாரு?"

"உன் தம்பிதான். அங்கயே எரிச்சுட்டு வந்துட்டேன்னான். பதினாறாம் நாள் சாப்பாடும் போட்டாங்க. நானே சாப்பிட்டேன்."

வீட்டுச் சுவரில் அவள் படம் மாலையோடு தொங்கியது. ஸ்ரீதர் வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றான்.

"காவேரிக்கு முடிவாயிருச்சு. உன் நோயைப் பத்தி அரசல் புரசலா அவங்க காதுக்குப் போச்சு. அக்கா போய்ச் சேர்ந்துட்டான்னு சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுட்டாங்க."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். வராம இரு."

கதவு சற்றுத் திறந்தது. காவேரி ஒரு பாட்டில் தண்ணீரைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். ஏதோ பேச வருகிறாள் என்று சந்திரமதி முகத்தை நிமிர்த்தினாள்.

"குடிச்சிட்டு பாட்டிலைக் கையோட எடுத்துட்டுப் போயிருங்க அத்தை."

சந்திரமதி குடிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் தெற்கே போர்ட் பிளேருக்குத் திரும்பினாள்.

இப்போது அங்கே ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்கு அருகே ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். கப்பலுக்கு வருகிறவர்கள் ஊரைக் கேட்டால், கடல் தாண்டி மெயின்லேண்ட் என்று சொல்லிவிடுகிறாள். மாத்திரை ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. சென்ற முறை சோதித்துவிட்டு டாக்டர், இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார். பக்கத்தில் இருந்த நஜ்மா மட்டும் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

அன்று புதிய படிவம் நிரப்பினார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுகிறவர் கேட்டார். சந்திரமதி நஜ்மாவின் பெயரைச் சொன்னாள்.

நஜ்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என் பேரு வேணாம் தீதி. வீட்டுக்குப் போன் வந்துச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

எழுதுகிறவர் பேனாவோடு காத்திருந்தார். யாரும் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள் சந்திரமதி. அவர் அப்படியே எழுதி, மூன்று மாத மாத்திரையை நீட்டினார்.