நீலம் போட்டுத் துவைத்த ஆய்வு

போன செவ்வாய்க்கிழமை காலை எஸ்தரின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "பேப்பர்ல போட அக்கா சிரிக்காத போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று கேட்டார். மூன்று ஆல்பங்களையும் புரட்டினேன். அப்படி ஒன்றுகூட இல்லை. அவரை அறிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் கோவைப் பொறியியல் கல்லூரி ஒன்றின் எரிதல் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் விரிவுரையாளர்கள். அடுத்தடுத்த மேசை, ஒரே மின்விசிறி. எஸ்தர் சூலூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். அந்த வருடம் ஸ்வீடனிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எரிதல், எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆகியவற்றில் ஓராண்டு ஆய்வுப் பயிற்சி. கல்லூரிக்கு ஒரே ஒரு பெயர், வயது முப்பத்தைந்துக்குள். எஸ்தருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எனக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருந்தது. ஆனாலும் நான் ஒதுங்கவில்லை. விட்டுக்கொடுக்கும் அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை.

எனது விண்ணப்பம் கணக்கும் வரைபடமுமாகப் பளபளவென்று இருந்தது. எஸ்தர் எடுத்துக்கொண்டது சோமனூர்ப் புகையை. அங்கே பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்களில் விறகுக் கொதிகலன்கள் நாள் முழுதும் எரியும். புகையை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அவர் அந்த ஊரில் நெய்யும் முரட்டுக் காடாத் துணியையே முழ முழமாகக் கிழித்து, ஒரு மில்லைச் சுற்றிப் பல இடங்களில் கட்டிவிட்டு வந்தார். பத்து நாளில் எது எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"இது ஆராய்ச்சியாங்க, கொடித்துணியாங்க?" என்று கிண்டல் செய்தேன்.

"ரெண்டுந்தானுங்க சார்" என்றார்.

திங்கட்கிழமை விண்ணப்பம் தர வேண்டும். சனிக்கிழமை துணிகளை எடுத்துவர நானும் அவரோடு பஸ் ஏறினேன். மில்லுக்குப் பக்கத்து வீட்டு மாராத்தாள் துணிகளை அவிழ்த்து எடுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். எடுத்தும் வைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று, மடித்து, அடுக்கி, எது எந்த இடத்துத் துணி என்று முனையில் முடிச்சுப் போட்டு.

"அழுக்கோட எப்படிங்க டீச்சர் கையில குடுக்கறது? நல்லாத் தொவச்சு நீலம் போட்டு வெச்சுபோட்டனுங்க."

அடுத்தவர் பொருளை அழுக்காகத் திருப்பித் தருவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. எஸ்தரின் ஸ்வீடன் அந்தச் சோப்பு நுரையோடு போய்விட்டது. எனக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எஸ்தர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஏனுங்க அக்கா, எதெதுக்கு எத்தன தடவ சோப்புப் போட்டீங்க?"

மாராத்தாள் யோசிக்கவே இல்லை. "கோயில் பக்கத்துதுக்கு ஒரு தடவ போதுமுங்க. பாய்லர் கிட்டக்க கட்டுனதுக்கு ரெண்டு. பள்ளிக்கூடத்துச் செவுத்துல கட்டுனீங்க பாருங்க, அதுதான் மோசம். நாலு தடவ போட்டுக் கை கடுத்துப்போச்சுங்க."

பஸ்ஸுக்காக நின்றபோது நான் ஒரு யோசனை சொன்னேன். நம் ஆய்வகத்திலேயே புதுத் துணியை மண்ணெண்ணெய் விளக்கில் காட்டினால் வேண்டிய கறுப்பு வந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? அதைச் சொன்னது அக்கறையா, குற்ற உணர்வா என்று எனக்கே தெரியவில்லை. எஸ்தர் கோபப்படவில்லை. "அந்தக்கா கை கடுக்கத் தொவச்சிருக்குது. அத மறச்சுப்போட்டு நான் பொய்க்கறை காட்டறதுங்களா?" என்றார்.

துணிகள் துவைக்கப்பட்டுவிட்டன என்பதை முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதினார். அடுத்து மாராத்தாளின் சோப்புக் கணக்கு. புகை கொதிகலனின் காலடியில் விழுவதைவிடக் காற்றோடு போய்க் குழந்தைகள் படிக்கும் இடத்தில்தான் அதிகம் இறங்குகிறது என்பது அதற்கு அடுத்து. எங்கள் கல்லூரி முதல்வர் இரண்டு விண்ணப்பங்களையும் படித்துவிட்டு எஸ்தருடையதை அனுப்பினார். நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஸ்வீடனிலிருந்து வந்த கடிதத்தில், தேர்வானதைச் சொன்ன கையோடு, அந்தப் பெண்மணி பயன்படுத்திய சோப்பு என்ன வகை என்றும் கேட்டிருந்தார்கள். எஸ்தர் கடிதத்தோடும் ஒரு கிலோ மைசூர்பாகோடும் நேராகச் சோமனூருக்குத்தான் போனார். ஓராண்டு கழித்துத் திரும்பியதும் அந்த மில்லின் கொதிகலன் அடுப்பில், விறகு முழுதாக எரிந்து புகை குறையும்படி, காற்று நுழையும் வழியை மாற்றி அமைத்தார். மறுபடியும் பள்ளிக்கூடச் சுவரில் துணி கட்டினார்கள். மாராத்தாள் ஒரே தடவையில் வெளுத்துக் காட்டினார்.

அடுத்த வருடம் நானும் ஸ்வீடன் போனேன். என் விண்ணப்பத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவர் எஸ்தர்தான்.

அவர் ஓய்வு பெற்ற நாளில், மனசு கேட்காமல், அன்று துணி வெளுத்திருந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க சார்" என்றார். "நாலு வருசமா ஒரு டீ வாங்கித் தராத மனுசன், அன்னைக்குப் பஸ் ஸ்டாப்புல டீயும் வடையும் வாங்கிக் குடுத்தீங்களே. அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க."

"தெரிஞ்சுமா எனக்குத் திருத்திக் குடுத்தீங்க?"

"வட நல்லா இருந்துச்சுங்களே!"

என் சின்னத்தனம் முழுவதும் தெரிந்த ஒருவர், அதை ஒருநாளும் காட்டிக்கொள்ளாமல், இருபது வருடத்துக்கும் மேலாக எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.